எண்ணிக்கை உயரும்வரை காத்திருக்கச் சொன்னவர்களுக்கு ஒரு திறந்த மடல்

பொதுச் சுகாதாரத்தில் முடிவெடுக்கும் பொறுப்பில் இருப்பவர்களுக்கு,

உங்கள் சுற்றறிக்கை எங்கள் ஆய்வகத்துக்கு வந்து 11 நாள் ஆகிறது. இரண்டு பக்கம். முதல் பக்கம் முழுக்கப் பழைய ஆணைகளின் எண்களும் தேதிகளும். இரண்டாம் பக்கத்தில் விஷயம் ஒரே வரியில் இருந்தது: கொரோனா மாதிரிகளை வாராவாரம் மரபணு வரிசைப்படுத்தலுக்கு அனுப்பும் நடைமுறை நிறுத்தப்படுகிறது, தொற்று எண்ணிக்கை வழக்கத்துக்கு மாறாக உயர்ந்தால் மட்டும் அனுப்பினால் போதும்.

அந்த வரியைப் படித்தபோது அந்த வாரத்து மாதிரிகள் 38 எங்களிடம் இருந்தன. பதிவேட்டில் ஏற்றி, எண் ஒட்டி, மறுநாள் காலை வேலையைத் தொடங்க வேண்டியதுதான் பாக்கி. வந்தவற்றை மட்டுமாவது முடித்துவிடலாமா என்று கேட்டோம். ஆணை தேதியிலிருந்து கூடாது என்று பதில் வந்தது. 38 குழாய்களும் இப்போது மைனஸ் 80 டிகிரி பெட்டியின் அடித்தட்டில் இருக்கின்றன.

2020 முதல் இந்த வேலையில் இருக்கிறேன். தொண்டையிலிருந்தும் மூக்கிலிருந்தும் எடுத்த மாதிரியில் வைரஸின் மரபணுத் தகவலைத் தாங்கும் ஆர்என்ஏவைப் பிரித்து, அதன் ஏறத்தாழ 30,000 எழுத்துகளையும் படித்து, இது எந்தத் திரிபு, எங்கிருந்து கிளைத்தது, புதிதாக என்ன மாறியிருக்கிறது என்று சொல்வதுதான் என் வேலை. நான் மருத்துவர் இல்லை. உங்களைப் போல நிதியைப் பங்கிட்டுப் பழகியவனும் இல்லை. ஆனால் அந்த ஒரு வரியில் இருக்கும் தவறு என்னவென்று எனக்குத் தெரியும். அதைப் பார்த்துவிட்டுச் சும்மா இருக்க முடியவில்லை.

“உயர்ந்தால் மட்டும்” என்கிறீர்கள். எண்ணிக்கை உயர்வதை எதை வைத்துப் பார்ப்பீர்கள்? 2021-இல் சளி, காய்ச்சல் என்று வந்த எல்லோருக்கும் பிசிஆர் எடுத்தோம். இன்று யாருக்கு எடுக்கிறோம்? மருத்துவமனையில் சேர்ந்தவர்களில் சிலருக்கு, அதுவும் மருத்துவர் எழுதிக்கொடுத்தால். வீட்டிலேயே சோதனை செய்துகொண்டு இரண்டு கோடு பார்த்தவர்கள் யாரிடமும் சொல்வதில்லை. குறைந்தது தொற்றா, சோதனையா என்று பிரித்துச் சொல்லவே முடியாத நிலையில், “எண்ணிக்கை உயரும்போது” என்று ஒரு நிபந்தனை போட்டிருக்கிறீர்கள். கதவையும் சன்னலையும் சாத்திக்கொண்டு, மழை வந்தால் எனக்குத் தெரியும் என்று உட்கார்ந்திருப்பதைப் போலத்தான் இது.

சரி, எண்ணிக்கை உயர்வது கண்ணுக்குத் தெரிகிறது என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் காலம் கடந்திருக்கும். புதுத் திரிபு ஒன்று வந்தவுடனே எண்ணிக்கையை ஏற்றுவதில்லை. பழைய திரிபு இறங்கிக்கொண்டிருக்கும்போது புதியது அடியில் ஏறும். இரண்டையும் கூட்டிப் பார்த்தால் வரைபடம் தட்டையாக, அமைதியாக இருக்கும். உள்ளே ஒன்று இன்னொன்றைத் தள்ளிவிட்டு இடம் பிடித்துக்கொண்டிருக்கும். மொத்த எண்ணிக்கை ஏறும்போது, பெரும்பாலும் புதியதே பாதிக்கு மேல் ஆகியிருக்கும்.

ஆல்ஃபா திரிபின் கதை இதற்குச் சாட்சி. அதன் முதல் இரண்டு மாதிரிகள் இங்கிலாந்தில் 2020 செப்டம்பர் 20, 21 தேதிகளில் எடுக்கப்பட்டவை. அது ஆபத்தானது என்று தெரியவந்தது டிசம்பரில். நவம்பர் பொதுமுடக்கத்தில் மற்ற இடங்களில் தொற்று குறைந்தபோது கென்ட் பகுதியில் மட்டும் ஏன் குறையவில்லை என்று தேடியபோதுதான் பிடிபட்டது. இரண்டரை மாதம் அது கண்ணில் படாமல் பரவியிருக்கிறது. அதுவும் எந்த நாட்டில்? 2020 மார்ச்சிலேயே இதற்கென்று ஒரு கூட்டமைப்பை உருவாக்கி, உலகிலேயே அதிகமாக வரிசைப்படுத்திக்கொண்டிருந்த நாடுகளில் ஒன்றில். அவர்களால் டிசம்பரில் திரும்பிப் பார்த்துச் செப்டம்பரைக் கண்டுபிடிக்க முடிந்தது, ஏனென்றால் அந்தச் செப்டம்பர் மாதிரிகளை யாரோ ஒருவர் தன் வழக்கமான வேலையாக வரிசைப்படுத்தி வைத்திருந்தார். உங்கள் ஆணைப்படி நடந்திருந்தால் அந்த இரண்டு மாதிரிகளும் படிக்கப்படாமலே போயிருக்கலாம்.

ஒமைக்ரானை எடுத்துக்கொள்ளுங்கள். உறுதிசெய்யப்பட்ட முதல் மாதிரி 2021 நவம்பர் 9-இல் எடுக்கப்பட்டது. நவம்பர் 24-இல் தென்னாப்பிரிக்கா உலக சுகாதார நிறுவனத்துக்குத் தெரிவித்தது. 26-இல் அது கவலைக்குரிய திரிபு என்று அறிவிக்கப்பட்டது. வைரஸ் நம் செல்லில் ஒட்டிக்கொள்ள உதவும் ஸ்பைக் புரதத்தில் மட்டும் 30-க்கும் மேற்பட்ட மாற்றங்கள் கொண்ட ஒரு வைரஸ், மூக்கிலிருந்து உலகத்தின் காதுக்கு 15 நாளில் வந்துசேர்ந்தது. அப்போது அங்கே டெல்டா அலை ஓய்ந்து, எண்ணிக்கை மிகக் குறைந்திருந்த நேரம். அந்த அமைதியிலும் அவர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

மாதிரி எண்ணிக்கை பற்றி ஒரு வார்த்தை. “இருக்கிற கொஞ்ச மாதிரியில் என்ன தெரிந்துவிடப்போகிறது” என்று உங்கள் அலுவலகத்தில் ஒருவர் என்னிடம் தொலைபேசியில் கேட்டார். கோபப்படாமல் கணக்குப் போட்டுச் சொன்னேன், இங்கேயும் சொல்கிறேன். 100 பேரில் ஒருவரிடம் மட்டும் புதுத் திரிபு இருக்கிறது என்றால், அதில் ஒன்றையாவது பார்த்துவிட 95 சதவீத வாய்ப்பு வேண்டுமானால் சுமார் 300 மாதிரி வேண்டும். 30 மாதிரிதான் இருக்கிறது என்றால் வாய்ப்பு 26 சதவீதம். அது குறைவுதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்தத் திரிபு 100-க்கு 10 என்று ஆகும்போது, அதே 30 மாதிரி 96 சதவீதம் காட்டிக்கொடுத்துவிடும். பழையதோடு ஒப்பிட்டால் வாரத்துக்கு இரட்டிப்பாகும் ஒரு திரிபு ஒன்றிலிருந்து பத்துக்குப் போக மூன்றரை வாரம். ஆக, 30 மாதிரி வைத்திருப்பவர் 300 வைத்திருப்பவரைவிட மூன்று, மூன்றரை வாரம் பிந்தித் தெரிந்துகொள்வார். மாதிரியே இல்லாதவர் மருத்துவமனைப் படுக்கைகள் நிரம்பும்போது தெரிந்துகொள்வார். இதில் ஒரு நிபந்தனை உண்டு. மாதிரிகள் பாரபட்சமில்லாமல் எடுத்தவையாக இருக்க வேண்டும். அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

ஒரு வாரத்து அளவை மட்டும் தெரிந்துகொண்டு எந்தப் பயனும் இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். திரிபின் பங்கு 8 சதவீதம் என்று ஒரு நாள் தெரிந்தால், அது ஏறுகிறதா, இறங்குகிறதா? போன வாரம் 4, அதற்கு முந்தைய வாரம் 2 என்று கையில் இருந்தால்தான் வேகம் தெரியும். “உயர்ந்த பிறகு அனுப்புங்கள்” என்பவர்கள் அந்த முந்தைய வாரங்களை எங்கிருந்து கொண்டுவருவார்கள்?

இந்த வேலையை ஒரு பொத்தானைப் போல அணைத்துவிட்டு வேண்டும்போது போட்டுக்கொள்ளலாம் என்று நினைக்கிறீர்கள் போலிருக்கிறது. அப்படி இல்லை என்பதற்கு எங்கள் ஆய்வகத்தில் 2021-இல் நடந்த ஒன்றைச் சொல்கிறேன்.

வைரஸின் மரபணுவை ஒரே நீளத்தில் படிக்க மாட்டோம். விளிம்புகளில் ஒன்றன்மேல் ஒன்று சற்றே ஏறிய, 400 எழுத்து அளவுள்ள 98 துண்டுகளாக அதைப் பெருக்கிக்கொள்வோம். ஆர்டிக் என்ற முறை, அப்போதைய மூன்றாம் பதிப்பு. ஒவ்வொரு துண்டின் இரு முனையிலும் பிரைமர் என்ற சின்ன இழை போய் ஒட்ட வேண்டும். ஒட்டினால்தான் அந்தத் துண்டு பெருகும். டெல்டா மாதிரிகள் வரத் தொடங்கியபோது, திரையில் ஒரே இடத்தில் பள்ளம் விழுந்தது. மற்ற இடங்களில் ஆயிரக்கணக்கான வாசிப்பு, 72-ஆம் துண்டில் மட்டும் ஒன்றுமில்லை. ஏ, டி, ஜி, சி என்று எழுத்து வரவேண்டிய இடத்தில் “என்”, “என்”, “என்” என்று வரிவரியாக ஓடியது. “என்” என்றால் தெரியவில்லை என்று அர்த்தம். கருவி கெட்டுவிட்டது என்று நினைத்தோம். கலவை தவறிவிட்டது என்று நினைத்தோம். புதிதாகக் கலந்து மறுபடி ரன் போட்டோம். மறுபடியும் அதே பள்ளம்.

எங்களில் மூத்தவர் ஒருவர்தான், முந்தைய மாதங்களின் வரைபடங்களை எடுத்து மேசையில் வரிசையாகப் பரப்பினார். ஆல்ஃபா மாதிரிகளில் 72 சரியாக இருந்தது. டெல்டாவில் மட்டும் இல்லை. அப்போதுதான் புரிந்தது. ஸ்பைக் புரதத்தின் 156, 157-ஆவது இடங்களில் டெல்டாவில் விழுந்த அறுப்பு, சரியாக 72-ஆம் துண்டின் பிரைமர் ஒட்ட வேண்டிய இடத்தில் உட்கார்ந்திருந்தது. பிரைமர் ஒட்டவில்லை. வைரஸ் மாறியதையே, மாறியதால் பார்க்க முடியாமல் போயிருந்தது. உலகம் முழுக்க இதே சிக்கல். பொதுத் தரவுத்தளங்களில் ஏராளமான டெல்டா மரபணுக்களில், அந்தத் துண்டுக்குள் இருந்த 142-ஆவது இடத்து மாற்றம் இல்லாதது போலவே பதிவாகியிருந்தது. பிறகு பிரைமரை மாற்றி நான்காம் பதிப்பு வந்தது. ஒமைக்ரான் வந்ததும் அதிலும் சில துண்டுகள் விழ, 4.1 வந்தது.

இதை ஏன் இவ்வளவு விரிவாகச் சொல்கிறேன் என்றால், அந்தப் பள்ளத்தைப் பார்த்து “இது கருவிக் கோளாறு இல்லை” என்று சொல்ல, முந்தைய 40 வாரத்து வரைபடங்களைப் பார்த்த ஒரு கண் வேண்டும். அந்த மூத்தவர் ஒப்பந்த ஊழியர். உங்கள் ஆணை வந்த நான்காம் நாள் அவர் வேறு வேலைக்கு விண்ணப்பம் போட்டுவிட்டார். அவரைத் தடுக்க என்னிடம் சொல்ல ஒன்றும் இல்லை. அடுத்த அலை வரும்போது கருவி அங்கேயே இருக்கும், நீங்கள் சொன்னால் சோதனைக்கான வேதிப்பொருள் தொகுப்பான கிட்டையும் வாங்கலாம். அவரை எங்கே போய் வாங்குவீர்கள்?

உங்கள் தரப்பில் சொல்லப்படும் காரணங்கள் எனக்கும் தெரியும்.

வைரஸ் வலுவிழந்துவிட்டது என்கிறீர்கள். பெரும்பாலானோருக்குத் தடுப்பூசியாலும் முந்தைய தொற்றாலும் எதிர்ப்பு வந்திருக்கிறது, அதனால் நோய் லேசாகப் போகிறது. அது உண்மை. ஆனால் அது நம் உடம்பு மாறியதால் வந்த நிம்மதி. வைரஸ் தரப்பில் அப்படி ஒரு வாக்குறுதி எதுவும் இல்லை. உலக சுகாதார நிறுவனம் 2023 மே 5-இல் சர்வதேச அவசரநிலையை முடித்தது. அதற்குப் பிறகு மூன்று மாதத்தில், ஆகஸ்டில், பிஏ.2.86 என்ற திரிபு தலைகாட்டியது. முதலில் இஸ்ரேலிலும் டென்மார்க்கிலும் கிடைத்தது, விரல்விட்டு எண்ணிவிடக்கூடிய மாதிரிகள். தன் மூதாதையும் ஒமைக்ரானின் ஒரு கிளையுமான பிஏ.2-வைவிட ஸ்பைக்கில் 30-க்கும் அதிகமான மாற்றங்கள். அது அப்படியே பெரிதாகப் பரவவில்லை. ஆனால் 455-ஆவது இடத்தில் இன்னும் ஒரே ஒரு மாற்றம் சேர்ந்து ஜேஎன்.1 ஆனதும், டிசம்பருக்குள் அதைக் கவனத்துக்குரிய திரிபு என்று தனியாக அறிவிக்க வேண்டியதாயிற்று. சில மாதங்களில் உலகம் முழுக்க அதுவும் அதன் பிள்ளைகளும்தான். அவசரநிலை முடிந்தது என்று அன்றே எல்லா நாடுகளும் கடையைக் கட்டியிருந்தால், 2024 ஏப்ரலில் தடுப்பூசியை ஜேஎன்.1-க்கு ஏற்ப மாற்றச் சொல்லும் பரிந்துரை எதை வைத்து வந்திருக்கும்?

மருந்துகளும் அப்படித்தான். எதிர்ப்பொருள் மருந்துகள் ஒவ்வொன்றாகப் பயனற்றுப் போனதை நாம் எல்லோரும் பார்த்தோம். பெப்டெலோவிமாப் என்ற மருந்துக்கு அமெரிக்காவில் கொடுத்திருந்த அவசர அனுமதியை 2022 நவம்பர் இறுதியில் விலக்கிக்கொண்டார்கள். பிகியூ.1 வகைத் திரிபுகள் அதற்குக் கட்டுப்படவில்லை. எந்தத் திரிபு எத்தனை சதவீதம் சுற்றுகிறது என்ற பட்டியல் இல்லாதிருந்தால், வேலை செய்யாத மருந்தை நோயாளியின் நரம்பில் ஏற்றிக்கொண்டே இருந்திருப்பார்கள்.

அப்புறம், கழிவுநீர். மாதிரி எடுப்பதை நிறுத்தினாலும் கழிவுநீரில் பார்த்துக்கொள்ளலாம் என்று அதே சுற்றறிக்கையின் அடிக்குறிப்பில் இருக்கிறது. நான் கழிவுநீர்க் கண்காணிப்புக்கு எதிரி இல்லை. யாரும் சோதனைக்கு வராவிட்டாலும் கழிவுநீர் பொய் சொல்லாது. சான் டியாகோவில் நடந்த ஆய்வில், மருத்துவமனை மாதிரிகளில் தெரிவதற்கு 14 நாள் வரை முன்னதாகவே திரிபுகள் கழிவுநீரில் தெரிந்தன. அதை அவசியம் செய்யுங்கள். ஆனால் அதன் எல்லை என்ன என்பதையும் தெரிந்துகொண்டு செய்யுங்கள். கழிவுநீரில் இருப்பது ஆயிரம் பேரின் வைரஸ் உடைந்து கலந்த கூழ். அதில் இரண்டு மாற்றங்கள் தெரிந்தால், அவை இரண்டும் ஒரே வைரஸில் சேர்ந்து இருந்தனவா, இரண்டு வெவ்வேறு வைரஸ்களில் தனித்தனியாக இருந்தனவா என்று சொல்வது கடினம். 2022-இல் வந்த எக்ஸ்பிபி, பிஏ.2-வின் இரண்டு வழித்தோன்றல்கள் ஒரே உடம்பில் கலந்து பிறந்தது. அப்படி ஒன்று பிறந்திருக்கிறது என்று உறுதியாகச் சொல்ல, ஒரு மனிதரிடமிருந்து எடுத்த முழு மரபணு வேண்டும். அவருக்கு வயது என்ன, தடுப்பூசி போட்டாரா, மருத்துவமனையில் சேர்ந்தாரா என்பதையும் சாக்கடையிடம் கேட்க முடியாது.

பிசிஆரில் எஸ் மரபணு, அதாவது ஸ்பைக்குக்கான மரபணு, விடுபடுவதை வைத்தே திரிபை ஊகித்துவிடலாம் என்றும் சிலர் சொல்கிறார்கள். ஆல்ஃபாவில் அது வேலை செய்தது. ஸ்பைக்கின் 69, 70 ஆகிய இரண்டு இடங்கள் அறுந்துபோயிருந்ததால், பிசிஆர் தேடும் மூன்று குறிகளில் ஒன்று விழவில்லை. முதல் ஒமைக்ரானிலும் அப்படியே. அடுத்து வந்த பிஏ.2-வில் அந்த அறுப்பு இல்லை, குறி திரும்பி வந்துவிட்டது. திரிபுக்குத் திரிபு இப்படி மாறும் குறுக்குவழியை நம்பி இருக்க முடியாது.

இனி நான் சொல்லப்போவதுதான் இந்த மடலை எழுத வைத்தது.

எங்களுக்கு வரும் குழாய்களில் பெயர் இருக்காது, எண் மட்டும்தான். ஒருமுறை ஒரு எண் எனக்கு எங்கோ பார்த்தது போலத் தோன்றியது. பதிவேட்டைப் புரட்டினேன். ஏழு வாரத்துக்கு முன் அதே எண். படிவத்தில் “சிறுநீரக மாற்று, எதிர்ப்பாற்றலைக் குறைக்கும் மருந்தில் இருக்கிறார்” என்று நீல மையில் எழுதியிருந்தது. மறுபடி தொற்றியிருக்கும் என்று நினைத்து இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். புதுத் தொற்று இல்லை. அதே வைரஸ்தான், அவர் உடம்பிலிருந்து போகவே இல்லை. அதற்குள் ஸ்பைக்கில் நான்கு புது மாற்றங்கள். சாதாரணமாக இந்த வைரஸ் மாதத்துக்கு முழு மரபணுவிலும் சேர்த்துச் சராசரியாக இரண்டு மாற்றம் காணும். இங்கே நான்கும் ஒரே புரதத்தில். மூன்றாவது குழாய் இன்னும் ஐந்து வாரம் கழித்து வந்தது. அதில் மேலும் இரண்டு.

எதிர்ப்பாற்றல் குறைந்தவர்களிடம் மாதக்கணக்கில் தங்கும் தொற்றில்தான் ஆல்ஃபா போன்றவை உருவாகியிருக்கக்கூடும் என்று விஞ்ஞானிகள் கருதுகிறார்கள். அதைப் படித்திருந்தேன். கையில் பிடித்துப் பார்த்தது அன்றுதான். அவருடைய மருத்துவரை அழைத்துச் சொன்னோம். தனி அறையையும் மருந்தையும் அவர் மாற்றி அமைத்தார். நோயாளி யார், ஆணா பெண்ணா என்றுகூட எனக்குத் தெரியாது. ஆனால் ஒவ்வொரு திங்கட்கிழமையும் புதுப் பெட்டி வந்ததும் அந்த எண்ணைத்தான் முதலில் தேடுவேன். நெகட்டிவ் ஆகிவிட்டார் என்ற செய்திக்காகக் காத்திருக்கிறேன்.

இப்போது திங்கட்கிழமைப் பெட்டி வருவதில்லை. நான்காவது குழாய் எங்கோ ஒரு சேகரிப்பு மையத்தில் எடுக்கப்பட்டு, “எண்ணிக்கை உயரவில்லை” என்ற காரணத்தால் அங்கேயே குப்பைக்குப் போயிருக்கலாம். ஒரு மனிதரிடம் நடப்பது உங்கள் எண்ணிக்கையில் ஒருபோதும் ஏறாது.

எங்கள் பக்கத்துக் குறைகளையும் மறைக்கவில்லை. இந்த நடைமுறை ஒழுங்காக நடந்தது என்று நான் சொல்லவில்லை. பெரும்பாலும் மருத்துவமனையில் சேர்ந்தவர்களின் மாதிரிதான் வந்தது. லேசான காய்ச்சலோடு வீட்டுக்குப் போனவர்களின் மாதிரி வரவே இல்லை. அதனால் நாங்கள் கொடுத்த பங்கு சதவீதங்கள் ஊரில் சுற்றியதைச் சரியாகக் காட்டின என்று என்னால் சத்தியம் செய்ய முடியாது. கருவியில் ஒரு தடவைக்கு 96 குழி. அது நிரம்பினால்தான் செலவு கட்டுப்படியாகும் என்று மாதிரிகளைச் சேர்த்துவைக்கச் சொன்னார்கள். நிரம்ப மூன்று வாரம், பிறகு கிட் வர ஒரு வாரம், அறிக்கைக்கு ஒப்புதல் வர இன்னொரு வாரம். ஒருமுறை அறிக்கையோடு போனபோது ஒரு மருத்துவர் அதை வாங்கிப் பார்த்துவிட்டு, “இவர் வீட்டுக்குப் போய் ஒரு மாதம் ஆகிறது, இதை வைத்து நான் என்ன செய்ய?” என்று கேட்டார். பதில் சொல்லத் தெரியாமல் நின்றேன். பனிக்கட்டி உருகி, தாள் நனைந்து, மாதிரி எடுத்த தேதி அழிந்துபோன படிவங்கள் எத்தனையோ வந்திருக்கின்றன. தேதி இல்லாத மரபணுவை வைரஸின் வம்சாவளி மரத்தில் எங்கே தொங்கவிடுவது?

இத்தனை குறையோடு நடந்த ஒன்றைப் பார்த்து, இதனால் பயனில்லை என்று முடிவெடுத்திருக்கிறீர்கள். பயனில்லாமல் ஆக்கிய தாமதங்களில் பாதி உங்கள் மேசையில் நடந்தவை. மரியாதையோடுதான் சொல்கிறேன், ஆனால் சொல்லாமல் விட முடியாது.

இன்னொன்றையும் வெளிப்படையாகப் பேசிவிடலாம். புதிதாக ஏதாவது தென்பட்டால் அனுமதி வரும்வரை பொதுத் தரவுத்தளத்தில் ஏற்ற வேண்டாம் என்று இரண்டு முறை எங்களிடம் வாய்மொழியாகச் சொல்லப்பட்டது. உங்கள் பயம் எனக்குப் புரிகிறது. ஒமைக்ரானை உலகத்துக்குச் சொன்ன தென்னாப்பிரிக்காவுக்கும் அதன் அண்டை நாடுகளுக்கும் கிடைத்த பரிசு, ஓரிரு நாளில் விமானத் தடை. சோதனைக்கு வேண்டிய வேதிப்பொருள்கள் வருவதே சிக்கலாகும் என்று அங்கிருந்த விஞ்ஞானிகள் குமுறினார்கள். அது அநியாயம். ஆனால் அந்த அநியாயத்துக்கு மருந்து, மறைப்பது இல்லை. 2020 ஜனவரி இரண்டாம் வாரத்தில் இந்த வைரஸின் முதல் மரபணு வரிசை பொதுவெளிக்கு வந்தது. அதை வைத்துச் சில நாட்களிலேயே பிசிஆர் சோதனைகளும் தடுப்பூசி வடிவமைப்பும் தொடங்கின. யாரோ ஒருவர் அனுமதிக்காகக் காத்திருக்காமல் வெளியிட்டதன் பலனை நாம் எல்லோரும் அனுபவித்திருக்கிறோம். திரிபுகளுக்கு ஊர், நாட்டுப் பெயர் வைத்துக் களங்கம் கற்பிக்கக்கூடாது என்றுதான் 2021 மே இறுதியில் முக்கியமானவற்றைக் கிரேக்க எழுத்துகளால் அழைக்கத் தொடங்கினோம்.

நான் கேட்பவை இவை.

எதிர்ப்பாற்றல் குறைந்த நோயாளிகளிடம் நீடிக்கும் தொற்றுகளை இந்த ஆணையிலிருந்து இன்றே விலக்குங்கள். இதற்குக் குழு அமைக்கத் தேவையில்லை, ஒரு மின்னஞ்சல் போதும். மூன்று வாரத்துக்கு மேல் பாசிட்டிவாக இருக்கும் எவருடைய மாதிரியும், எண்ணிக்கை என்னவாக இருந்தாலும், எங்களுக்கு வரட்டும்.

“உயர்ந்தால் மட்டும்” என்ற வரியைத் திரும்பப் பெறுங்கள். பழையபடி நூற்றுக்கணக்கில் கேட்கவில்லை. அமைதியான காலத்தில் வாரத்துக்கு 30 போதும், ஏறுவது தெரிந்தால் 300-க்குப் போக வழி இருக்கட்டும். அந்த 30-ஐ எப்போதும் அதே சில மையங்களிலிருந்து, வெளிநோயாளிகளையும் குழந்தைகளையும் முதியவர்களையும் சேர்த்து எடுக்கச் சொல்லுங்கள். கழிவுநீர் அதோடு கூட நடக்கட்டும், அதற்குப் பதிலாக வேண்டாம்.

மாதிரி எடுத்த நாளிலிருந்து பொதுத் தரவுத்தளத்தில் ஏறும் நாள்வரை 14 நாள் என்று எழுத்தில் கெடு வையுங்கள். குழி நிரம்பக் காத்திருக்கும் வழக்கத்தை நிறுத்துங்கள். நிரம்பாவிட்டால் மற்ற சுவாச வைரஸ்களின் மாதிரிகளை அதே ரன்னில் சேர்த்துக்கொள்ள அனுமதி கொடுங்கள், எங்களுக்குச் செய்யத் தெரியும். தேதியும் வயதும் இல்லாத படிவத்தைத் திருப்பி அனுப்பும் அதிகாரத்தையும் கொடுங்கள். பதிவேற்ற மேலிடத்து அனுமதி தேவையில்லை என்று ஆணையாகவே எழுதுங்கள். வாய்மொழியாக வந்த தடை வாய்மொழியாகப் போகாது.

பயிற்சி பெற்றவர்களை அலைக்கு அலை எடுத்து அலைக்கு அலை அனுப்பாதீர்கள். ஆய்வகத்துக்கு மூன்று பேரையாவது நிரந்தரமாக வையுங்கள். எங்கள் மூத்தவருக்கு அந்த இன்னொரு வேலையின் நேர்காணல் இந்த மாதக் கடைசியில். அதற்கு முன் உங்களிடமிருந்து ஒரு கடிதம் வந்தால் அவர் இருப்பார்.

கடைசியாக, அடித்தட்டில் இருக்கும் அந்த 38 குழாய்கள். அவற்றுக்கான கிட் எங்களிடம் ஏற்கெனவே இருக்கிறது, புதுச் செலவு இல்லை. கிட் பெட்டியின் மேல் போட்டிருக்கும் காலாவதித் தேதிக்கு இன்னும் 19 நாள். ரன் போட்டுக்கொள்ளச் சொல்லி அனுமதி தாருங்கள். இரண்டு நாளில் முடித்துத் தருகிறோம்.

இப்படிக்கு,
மரபணு வரிசைப்படுத்தல் பிரிவில் வேலை பார்க்கும் ஒருவன்